சிறுநீர் மாத்திரையும் கண்புரை அறுவையும்: அப்பாவுக்காகக் கேட்ட மகளுக்கு

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர், நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி வசிக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். புரோஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு ஆண்டுகளாக டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் சாப்பிடுகிறார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண் அறுவைக்கு ஈப்போவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கண் அறுவை கெட்டுப்போகும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கோவிலில் ஒருவர் சொன்னார். அன்றே அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்றோடு ஐந்து நாள். நேற்றிரவு கழிவறையில் அரைமணி நேரம் நின்றும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் அவர் சொல்லவே இல்லை. அந்த ஆராய்ச்சி உண்மையா? நிறுத்தியது சரியா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீரை அடக்க முடியாததற்குத் தனி மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் கண் மங்கல். அதுவும் மாத்திரையால்தானா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே நீங்கள் குறித்திருந்த எண்ணில் உங்களோடு பேசினேன். சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்க முடியாது. அடிவயிறு கல்லுப்போல் இறுகி, வலித்து, சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் விடியும்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், நிலைமை அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் மறுநாள் காலையே கிளினிக்கில் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன். நீங்கள் அப்படியே செய்தீர்கள். டாக்டர் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார். இப்போது அப்பாவுக்குச் சிரமம் குறைந்திருக்கிறது என்று தெரிந்து நிம்மதி அடைந்தேன். தொலைபேசியில் விளக்க நேரமில்லாமல் போன காரணங்களை இங்கே முழுமையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே அச்சம் நம் ஊரில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆராய்ச்சி உண்மைதான். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவர்கள் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்புரை அறுவையின்போது சிலருக்கு மட்டும் கண்ணுக்குள் இருக்கும் ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள பழுப்பு நிற வளையம், துவண்டு தொங்குவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். முதலில் 511 நோயாளிகளின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு 741 நோயாளிகளின் 900 கண்களுக்கு நடந்த அறுவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கவனித்துக் குறித்தார்கள். இந்த இரண்டாவது குழுவில் 16 பேருக்கு ஐரிஸ் துவண்டது. அவர்களில் 15 பேர் டாம்சுலோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்லது முன்பு சாப்பிட்டவர்கள். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் மாத்திரை கண்ணில் வந்து நிற்கிறது என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொண்டது அப்போதுதான். ஆகவே கோவிலில் பேசியவர் கட்டிவிட்ட கதையைச் சொல்லவில்லை. வாய்க்கு வாய் வரும்போது செய்தியின் பாதி வழியில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். விழுந்த பாதிதான் உங்கள் அப்பாவுக்குத் தேவையான பாதி.

எங்கோ அடிவயிற்றில் வேலை செய்ய வேண்டிய மாத்திரை கண்ணுக்கு ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் உள்ள தசைகள் இறுகுவதற்கு ஆல்ஃபா-1ஏ என்று பெயரிட்ட ஒரு வகை ஏற்பி, அதாவது உடம்பின் கட்டளையை வாங்கித் தசைக்குச் சொல்லும் பூட்டு போன்ற ஓர் அமைப்பு, வேண்டும். டாம்சுலோசின் அந்த ஏற்பியை அடைத்துவிடுவதால் தசை தளர்ந்து சிறுநீர் வழிவிட்டு இறங்குகிறது. கண்மணியை விரிக்கிற ஐரிஸ் தசையிலும் இதே ஏற்பிதான் இருக்கிறது. பூட்டு ஒன்றாக இருப்பதால் சாவி இரண்டு கதவையும் திறக்கிறது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அவருக்கு இது தெரியவே தெரியாது. பார்வை குறையாது, வலிக்காது, சிவக்காது. இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கிறது என்று சொல்வது தவறு. அறுவை மேசையில் கண் திறக்கப்படும் அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டுமே இதன் விளைவு முக்கியமாகிறது.

அந்த நேரத்தில் நுண்ணோக்கியின் வழியே நான் பார்ப்பதை உங்களுக்குச் சொல்கிறேன். கண்ணின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீறல். அதன் வழியே கருவி உள்ளே போய்ப் புரை விழுந்த லென்ஸை உடைத்து உறிஞ்சும். கண் சுருங்கிவிடாதிருக்க உப்புநீர் ஓயாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணமாக ஐரிஸ் மத்தளத்தின் தோல்போல் விறைப்பாக இருக்கும். அந்த நீரோட்டம் அதை அசைக்காது. டாம்சுலோசின் சாப்பிட்டவரின் கண்ணிலோ அது கொடிக்கம்பியில் காயும் மெல்லிய வேட்டியைப் போல நீர் வரும்போதெல்லாம் உப்பி அலைகிறது, கீறலை நோக்கி நழுவி வெளியே வரப் பார்க்கிறது, மருந்து விட்டு விரித்து வைத்த கண்மணியும் வேலை நடக்கும்போதே சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. கண்மணி சுருங்கினால் நாங்கள் பார்த்து வேலை செய்யும் சன்னல் சிறுத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத பை. புதிய லென்ஸ் உட்கார வேண்டிய இடம் அது. பார்வை மறைந்த நிலையில் அந்தப் பை கிழிந்தால்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

அது எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2002 முதல் 2007 வரை கண்புரை அறுவை செய்துகொண்ட, 66 வயதும் அதற்கு மேலும் ஆன 96,128 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிறகு விழித்திரை விலகுதல், லென்ஸ் துண்டு உள்ளே விழுதல், கடுமையான கண் தொற்று ஆகிய பெரிய சிக்கல்களில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் மொத்தம் 284 பேர். ஆயிரத்துக்கு மூன்று பேர். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் டாம்சுலோசின் சாப்பிட்டிருந்தவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆய்வின் கணக்குப்படி, அந்த மாத்திரை சாப்பிடும் 255 பேருக்கு அறுவை செய்தால் அதன் காரணமாகக் கூடுதலாக ஒருவருக்குப் பெரிய சிக்கல் நேரலாம். இரண்டு மடங்கு என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெடுவதற்கு முன் இந்த 255 என்ற எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இவற்றைவிட மதிப்பது 2007இல் வந்த இன்னொரு ஆய்வை. அதே டேவிட் சாங்கும் வேறு பல அறுவை மருத்துவர்களும் சேர்ந்து, டாம்சுலோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 135 நோயாளிகளின் 167 கண்களுக்கு அறுவை செய்தார்கள். மாத்திரையைப் பற்றி எல்லா மருத்துவர்களுக்கும் முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ற கருவிகளோடும் முறைகளோடும் மேசைக்கு வந்தார்கள். பை கிழிந்தது ஒரே ஒரு கண்ணில். அவர்கள் அனுபவம் மிக்கவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த முடிவு எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: நோயாளியின் உடம்பில் மாத்திரை இருந்தது பெரிய ஆபத்தாகவில்லை. அது இருப்பது அறுவை மருத்துவருக்குத் தெரியாமல் போவதே ஆபத்து. உங்கள் அப்பா மாத்திரையை நிறுத்தினார், கண் டாக்டரிடம் சொல்லவில்லை. இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

நிறுத்தினாலாவது கண்ணுக்குப் பலன் உண்டா என்றால், நம்பி இருக்கும்படியான பலன் இல்லை. மாத்திரையோடு வரும் எச்சரிக்கைக் குறிப்பே இதைச் சொல்கிறது: அறுவைக்கு 2 முதல் 14 நாள்வரை முன்னதாக நிறுத்தியவர்களுக்கும் ஐரிஸ் துவண்டிருக்கிறது, 5 வாரம் முதல் 9 மாதம்வரை முன்பே நிறுத்தியவர்கள் சிலருக்கும் துவண்டிருக்கிறது. ஐந்து நாள் மாத்திரையை விட்டதால் அப்பாவின் ஐரிஸ் விறைப்பாகியிருக்காது. புரோஸ்டேட் மட்டும் மறுபடி இறுகியது. அப்படி இறுகிச் சிறுநீர் முழுவதும் அடைத்துக்கொண்டால் குழாய் போட வேண்டி வரும், தொற்று வரலாம், கண் அறுவைத் தேதியும் தள்ளிப்போகும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரசோசின், டெராசோசின், டாக்சசோசின் ஆகியவை இதே குடும்பத்து மாத்திரைகள். அவற்றில் ஒன்றைச் சில நாள் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே திடீரென்று விழுங்கினால், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரிடும். டாம்சுலோசின் இந்த வகையில் மென்மையானது என்றாலும், நாள் இடைவெளி விழுந்துவிட்டால் எதையும் டாக்டரைக் கேட்காமல் மறுபடி தொடங்க வேண்டாம்.

அப்பா ஏன் கண் டாக்டரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் அவரைக் கடிந்துகொண்டதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அவரைக் கடிய வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் பணியாற்றியபோது, ஓய்வு பெற்ற ஒரு மண்டோருக்கு, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளருக்கு, நான் அறுவை செய்தேன். முன்தினம் அவரிடம், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ப்ரெஷருக்கு மட்டும் ஐயா, என்றார். பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் பாதி அறுவையில் அவருடைய ஐரிஸ் அலையத் தொடங்கியபோது எனக்கு எல்லாம் புரிந்தது. பை கிழியாமல் எப்படியோ முடித்துவிட்டேன்; ஆனால் கீறலில் சிக்கிய ஐரிஸ் ஓரம் கசங்கிப் போயிற்று. பார்வை வந்தது, இரவில் லாரி விளக்கு எதிரே வந்தால் கண் கூசுகிறது என்ற குறை மட்டும் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தபோது சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். மருமகள் முன்னால் அதைப் பற்றிப் பேச எப்படி ஐயா முடியும், என்று கேட்டார். 2005ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்திருந்தவன் நான். கேட்க வேண்டிய விதத்தில் கேட்காதது என் தவறு. அன்று முதல், அறுபது வயது தாண்டிய ஆண் யார் வந்தாலும், உடன் வந்தவர்களைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இரவில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள் என்று கேட்கிறேன். மூன்று முறை என்றால் அடுத்த கேள்வி மாத்திரையைப் பற்றியது. நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன். நம் பெரியவர்கள் எதைப் பேசக் கூச்சப்படுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே அப்பாவின் சார்பில் நீங்கள் செய்ய வேண்டியது, அறுவை நாளன்று சொல்லலாம் என்று இருந்துவிடாமல் இந்த வாரமே கண் பிரிவை அழைத்தோ நேரில் போயோ சொல்வது. சொல்லும் விதத்தில் ஒரு சங்கடம் உண்டு. நம்மவர்கள் தாதியிடம் மலாயில் உபாட் கென்சிங் சாப்பிடுகிறேன் என்பார்கள். தமிழில் சிறுநீர் மாத்திரை என்பார்கள். கேட்பவர் அதை இதய நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதற்கும் ஐரிஸுக்கும் தொடர்பில்லை என்பதால் ஏட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் என்று பெயரைச் சொல்லுங்கள். வெறும் மாத்திரையைக் கொண்டு போகாமல் பெயர் அச்சிட்ட அட்டையையே காட்டுங்கள். டியூடாஸ்டெரைடு என்ற மருந்தோடு டாம்சுலோசினைச் சேர்த்த கேப்சூலும் உண்டு. முன்பக்கப் பெயரைப் பார்த்தால் தெரியாது. இரத்த அழுத்தத்துக்கென்று பிரசோசின் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல் இறங்குவதற்காகப் பெண்களுக்கும் சில வாரம் டாம்சுலோசின் கொடுப்பதுண்டு. அவர்கள் அது எப்போதோ சாப்பிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இன்னும் மாத்திரையே தொடங்காதவர், புரை அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தால், அறுவை முடியும்வரை இதைத் தொடங்குவதைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

தெரிந்துவிட்டால் அறுவை மருத்துவர் என்ன செய்வார் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். அவருக்குத் தைரியம் வரும். கண்ணுக்குள்ளேயே ஃபீனைல்எஃப்ரின் என்ற மருந்தைச் செலுத்தி ஐரிஸ் தசையை விறைக்க வைக்கலாம். நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்து, கெட்டியான ஜெல்லைக் கொண்டு ஐரிஸை அமுக்கி வைக்கலாம். தேவைப்பட்டால் கண்மணியின் ஓரத்தை மயிரிழை போன்ற கொக்கிகளாலோ சிறு வளையத்தாலோ விரித்துப் பிடித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். சில மருத்துவர்கள் அறுவைக்குச் சில நாள் முன்பிருந்தே கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து போடச் சொல்வதுண்டு. அந்தச் சொட்டு உடம்பில் சேர்ந்து புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும் என்பதால், அதை எழுதிக் கொடுத்தால் சிறுநீர்ச் சிரமத்தை அப்போதே நினைவூட்டுங்கள். கடையில் கிடைக்கும் சில சளி மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. அறுவைக்கு முன் இருமல் இருக்கக் கூடாதே என்று அவற்றை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். இருமல் இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

அம்மாவின் விஷயம் வேறு. சிறுநீரை அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள் ஐரிஸைத் துவள வைப்பதில்லை. அவை வாயையும் கண்ணையும் உலர்த்தும், கிட்டத்துப் பார்வையைக் கொஞ்சம் மங்கவைக்கும். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருப்பதால் நான் முதலில் சந்தேகிப்பது சர்க்கரையைத்தான். சர்க்கரை ஏறினால் சிறுநீரும் அடிக்கடி வரும், கண்ணின் லென்ஸில் நீர் ஏறி இறங்குவதால் பார்வையும் நாளுக்கு நாள் மாறும். இரண்டு தொல்லைக்கும் ஒரே வேர் இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். அரசுக் கிளினிக்கில் அவருக்கு விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அதே நாளில் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அரிக்கும்போது சிறுநீரகத்தில் உள்ளவற்றையும் விட்டுவைப்பதில்லை. அவர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணுக்குள்ளே ஊறும் நீர் வெளியேறும் வழி குறுகலாக உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரைகள் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும்.

இனி அப்பாவின் அறுவை நாள். வேறு விதமாக டாக்டர் சொல்லாதவரை மாத்திரையை வழக்கம்போல உணவுக்குப் பின் அரைமணி கழித்துச் சாப்பிடட்டும். அறுவை அறைக்குள் போவதற்குச் சற்று முன் கழிவறைக்குப் போய் வரட்டும். முகத்தை மூடிய துணிக்கடியில் ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால் மனிதர் நெளியாமல் இருக்க முடியாது. அப்படி முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காமல் வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்பதை அவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். அறுவைக்குப் பின் கண் அழுத்தம் ஏறாதிருக்க அசட்டசோலமைடு மாத்திரை கொடுத்தால் ஓரிரு நாள் சிறுநீர் அதிகமாகப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது அன்றைய இரவைப் பற்றித்தான். ஒரு கண்ணில் மூடி போட்டிருக்கும், மற்றக் கண்ணில் புரை, இரவில் மூன்று முறை எழ வேண்டும். உங்கள் வீட்டில் கழிவறை பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும் என்று சொன்னீர்கள். அறுவையெல்லாம் நன்றாக முடிந்த பிறகு அந்தப் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு வாரத்துக்குக் கட்டிலுக்கருகே ஒரு சிறுநீர்ப் போத்தல் வையுங்கள். மருந்துக் கடையில் மலிவாகவே கிடைக்கும். வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் பின்கட்டு விளக்கு விடியும்வரை எரியட்டும், வீட்டில் யாராவது ஒருவர் அவர் எழும் சத்தம் கேட்கிற தூரத்தில் படுத்துக்கொள்ளுங்கள். இடக்கண் அறுவைக்குத் தேதி வரும்போது அதை வேறொரு மருத்துவர் செய்யக்கூடும். அந்த மாத்திரை அட்டையை அப்போதும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.